பன்னிரண்டு முடிச்சு

வெசாக் கூடு கட்டுவதற்கு வேண்டிய சாமான்கள் நான்கே நான்கு. மூங்கில், நூல், கடதாசி, பசை. சென்ற வெசாக்கிற்கு ஒன்று கட்டியபோது கணக்குப் பார்த்தேன். உள்ளே எரியும் பல்பைத் தவிர்த்தால் 500 ரூபாய்கூட ஆகவில்லை. புறக்கோட்டையில் இப்போது மடித்து வைத்து விரிக்கும் பிளாஸ்டிக் கூடுகள் குவிந்து கிடக்கின்றன. உறையைக் கிழித்து விரித்தால் வேலை முடிந்தது. என் கூட்டுக்கு மூன்று இரவுகள் பிடித்தன.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த ஒரு முஸ்லிம் பெண். உனக்கு எதற்கு வெசாக் கூடு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் உண்டு. அந்தக் கேள்விக்கு வருமுன் கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் அதிகமாகக் காணும் கூட்டுக்குச் சிங்களத்தில் 'அடபட்டம' என்று பெயர். பெயரில் எட்டு இருக்கிறது. ஆனால் வேலை தொடங்குவது ஆறில். ஒரே நீளமான 24 மூங்கில் குச்சிகளைச் சீவி எடுத்து, நான்கு நான்காகக் கட்டி 6 சதுரங்கள் செய்துகொள்ள வேண்டும். அவற்றில் நான்கை, ஒரு மூலை மேலேயும் ஒரு மூலை கீழேயும் இருக்கும்படி நிறுத்தி, பக்க மூலைகள் ஒன்றையொன்று தொட வளையமாகக் கட்ட வேண்டும். மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் நான்கு மூலைகளில் ஐந்தாவது சதுரத்தின் மூலைகளைப் பொருத்திக் கட்டவேண்டும். ஆறாவது சதுரம் அதே மாதிரிக் கீழே. சதுரத்தோடு சதுரம் சேரும் இடங்கள் மொத்தம் 12. ஆகவே முடிச்சும் 12. தூக்கிப் பிடித்துப் பார்த்தால், சதுரங்களுக்கு இடையில் நாம் கட்டாத எட்டு முக்கோணங்கள் தாமாக உண்டாகியிருக்கும். பெயரில் உள்ள எட்டு அதுதான். குச்சி ஓர் அடி என்றால் கூடு ஏறக்குறைய 17 அங்குல உயரம் வரும்.

முதன்முதலாகக் கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து போவார்கள். முடிச்சு எல்லாம் இறுக்கமாக இருந்தும் கூடு நிற்காது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் முறுகும், சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். முக்கோணம் நெளியாது, சதுரம் நெளியும். அதனால் ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்களவும் சரிதானா என்று பார்த்து, அந்த நூலைத் தற்காலிகமாக அங்கேயே கட்டிவைக்க வேண்டும். கூட்டை உண்மையில் நிமிர்த்தி நிறுத்துவது கடதாசி. ஊதினால் பறக்கிற அந்தக் கடதாசியை நான்கு பக்கமும் இழுத்து ஒட்டிக் காயவிட்டதும், மூங்கிலின் ஆட்டம் நின்றுவிடும். பிறகு குறுக்கு நூலை வெட்டி எடுத்துவிடலாம்.

கடதாசி என்றால் டிசுக் கடதாசி. கடைக்காரரிடம் 'சவ் கொள' என்று கேட்டால் சட்டென்று விளங்கும். அரை அங்குலம் கூடுதலாக வைத்து வெட்ட வேண்டும். பசையைக் கடதாசியில் பூசக்கூடாது, குச்சியில்தான் பூச வேண்டும். ஈரப்பட்ட கடதாசி கையோடு வந்துவிடும். மேல் சதுரத்தைத் திறந்து விடுவது வழக்கம், சூடு வெளியேறுவதற்காக. ஒட்டிக் காய்ந்ததும், வாய்கொள்ளத் தண்ணீர் எடுத்துப் பனிபோலக் கூட்டின் மீது ஊதுவார்கள். அந்த ஈரம் காயும்போது கடதாசியின் சுருக்கம் போய் மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். வெள்ளைக் கடதாசிக்கு இது நன்றாக வரும். சிவப்பில் செய்தால் சாயம் ஓடும்.

இதையெல்லாம் எனக்குப் பத்து வயதில், 1972இல், சொல்லித் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் முன்வீட்டில் இருந்த தச்சு பாஸ். சிறுவர்கள் எல்லோருக்கும் அவர் பாஸ் மாமா. முஸ்லிம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, பறங்கிப் பிள்ளை என்று யார் போனாலும் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து உட்காரவைப்பார். நான் முடிச்சை அவசரமாக இழுக்கும்போதெல்லாம் "ஹெமின் துவே, ஹெமின்" என்பார். மெதுவா மகளே, மெதுவா. அவர் தமிழில் பத்துச் சொல் பேசுவார், என் வாப்பா சிங்களத்தில் ஆயிரம் சொல் பேசுவார். அது போதுமாக இருந்தது.

மூங்கில் பாஸ் மாமாவுடையது. பசை எங்கள் வீட்டிலிருந்து. வாப்பா புறக்கோட்டையில் புத்தகம் கட்டும் தொழில் செய்தவர். கணக்குப் புத்தகங்களும் கிதாபுகளும் அவர் கையால் அட்டை கண்டவை. கோதுமை மாவைக் காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், கரப்பானும் பூச்சியும் அண்டாது. அதே பசைதான் கூட்டுக்கும். நூல், மூன்றாம் வீட்டுத் தையல்கார மாமியிடமிருந்து வரும். யாழ்ப்பாணத்து ஆட்கள். மெஷின் நூலை மூன்றாக முறுக்கித் தருவார். ஆக ஒரு கூட்டில் மூன்று வீட்டுச் சாமான் இருந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு அந்த மாமி வீட்டார் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் நூலைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினோம்.

நெருக்கடிக் காலங்களிலும் கூடு நின்றதில்லை. 1973, 1974இல் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த பிடி மாவைப் பசைக்குத் தர உம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "திங்க இல்ல, ஒட்டவா?" என்று குசினிக் கதவைச் சாத்தினார். பாஸ் மாமா மரவள்ளிக் கிழங்கைச் சுரண்டிப் பிழிந்து காய்ச்சினார். இன்னொரு வருஷம் விளாம்பிசின் கொண்டுவந்தார். இறக்குமதி இறுகியிருந்த நாட்கள், நிறக் கடதாசி கண்ணில் படவில்லை. பழைய பத்திரிகைக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் வெளிச்சம் ஊடுருவும் என்று வாப்பா யோசனை சொன்னார். சதுரங்களுக்கு 'தினமிண', முக்கோணங்களுக்கு எங்கள் வீட்டுத் 'தினகரன்'. அந்த வெசாக் இரவில் மெழுகுதிரியின் வெளிச்சத்தில் இரண்டு மொழி எழுத்தும் தெரிய, ஒழுங்கையில் போனவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். எண்ணெய்க் கடதாசிக்குள் மெழுகுதிரி என்பதால் நானா ஒரு வாளித் தண்ணீரோடு விடியுமட்டும் பக்கத்தில் இருந்தார்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் வெசாக் கூடு ஒருநாளும் தொங்கியதில்லை. அது வாப்பாவின் தீர்மானம். "செய்றது கைவேல. தொங்கப்போடுறது அவங்கட வணக்கம். நாங்க கைவேலைக்குப் போவோம்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. பாஸ் மாமாவும் கேட்கவில்லை. எங்கள் உம்மும்மாவுக்கு மட்டும் கூடு என்ற சொல்லே இனித்தது. நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு பார்த்த கண் அவருக்கு. வெளிச்சமும் சோடனையுமாக அது தெருவில் அசைந்து வந்ததைச் சொல்லிச் சொல்லி, பாஸ் மாமாவின் கூட்டையும் அதன் தம்பி என்பது போலப் பார்ப்பார். பின்னாளில் கந்தூரியே கூடுமா என்ற விவாதம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. வெசாக் கூட்டின் பக்கம் போவது சரியா என்று நெருங்கிய உறவினர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். அக்கறையோடு கேட்டவர். வாப்பா சொன்னதையே அவருக்கும் சொன்னேன். அவர் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

கொட்டாஞ்சேனையில் இந்தக் கோடுகள் புதியவை அல்ல. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் ஒன்று கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையில் மூண்ட அந்தக் கலவரத்துக்கு நீதி கேட்டும், வேறு கோரிக்கைகளோடும், கேணல் ஒல்கொட் 1884இல் லண்டனுக்குப் போனார். அதன் தொடர்ச்சியாகவே வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாயிற்று. 1885 ஏப்ரல் 28, விடுமுறையாகக் கொண்டாடப்பட்ட அந்த முதல் வெசாக் நாளில், பௌத்தக் கொடி தீபதுத்தாராமத்தில் ஏற்றப்பட்டது. இன்று உலகமெங்கும் பறக்கும் அந்தக் கொடி பொதுவில் முதலில் பறந்தது எங்கள் ஊரில். வெசாக் வாழ்த்து அட்டையும், வெள்ளை உடுத்துப் பிள்ளைகள் பாடும் பக்திப் பாடலும் கிறிஸ்மஸைப் பார்த்து வளர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. சண்டை பிடித்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. டிசம்பரில் கத்தோலிக்க வீடுகளில் தொங்கும் நட்சத்திரக் கூட்டைக் கவனியுங்கள். இரண்டு ஐங்கோண நட்சத்திரங்களை முனைகளில் கட்டி, உள்மூலைகளில் சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்து விரித்திருப்பார்கள். அதே மூங்கில், அதே கடதாசி, அதே பசை. பாஸ் மாமா டிசம்பரில் அதுவும் கட்டிக் கொடுப்பார்.

எங்களுக்கும் வெசாக் இரவு ஒன்று நினைவில் இருக்கிறது. 1915 மே மாத இறுதியில் கண்டியில், வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து போவது பற்றிய தகராறில் தொடங்கிய தீ, கொழும்புவரை வந்து முஸ்லிம் கடைகளை எரித்தது. வாப்பாவின் வாப்பா அப்போது சிறுவர். புறக்கோட்டையில் கடை எரிந்த மணத்தை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வாப்பாதான் பாஸ் மாமாவின் கூட்டுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தார். அவருக்கு வரலாறு தெரியாமல் இல்லை.

2019 ஏப்ரல் 21இல் இன்னோர் ஈஸ்டர் ஞாயிறு வந்தது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், நாங்கள் சிறுவயதில் செவ்வாய்க்கிழமைகளில் சனம் நிறைந்து வழிவதைப் பார்த்த இடம். அங்கும் நாட்டின் வேறிடங்களிலும் 250க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் எங்கள் பெயர்களைக் கொண்டவர்கள். அடுத்த மாதம் நோன்பு தொடங்கியது. மே 13இல் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன, குருநாகல், புத்தளம் பக்கங்களிலும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மே 18 வெசாக்.

அந்த வாரத்தில் கைபேசியில் ஓர் ஆலோசனை சுற்றி வந்தது. முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு வெசாக் கூடு தொங்கினால் நல்லது என்று. என் கணவர் ஒரு பிளாஸ்டிக் கூட்டை வாங்கி வந்து மேசையில் வைத்தார். "தொங்கட்டுமே, ஓர் ஆபத்துக்கு" என்றார். அவர் குரலில் இருந்த களைப்பை நான் அறிவேன். ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய்வரும் வழியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த மனிதர். மகள் அந்தக் கூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "உம்மா, இது கூடா, பூட்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த நாட்களில் கூடு தொங்கவிட்ட முஸ்லிம் வீட்டார் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்பினால் தொங்கவிட்டவர்கள் இருந்தார்கள், துக்கத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று தொங்கவிட்டவர்கள் இருந்தார்கள், பயத்தினால் தொங்கவிட்டவர்களும் இருந்தார்கள். வெளியே நின்று பார்ப்பவனுக்கு மூன்றும் ஒரே வெளிச்சம். ஆனால் பயத்தில் கொடுக்கிற வெளிச்சத்துக்கு ஒரு கேடு இருக்கிறது. அடுத்த வருஷம் அது கடமையாகிவிடும். அதற்கடுத்த வருஷம், ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேள்வி வரும். பிளாஸ்டிக் கூடு மேசையிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. பாஸ் மாமா மௌத்தாகிப் பல வருஷம். அவருடைய மூத்த மகள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார், என்னைவிட ஆறு வயது மூப்பு. "நங்கி, இந்த முறை வெள்ளை மட்டும்தான் போடப்போறேன். ஒழுங்கையில் இன்னும் இழவு ஆறவில்லை. என் கைவிரல் மடங்குதில்லை. முடிச்சுப் போட வருவாயா?" என்றார் சிங்களத்தில். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அன்று மூன்று இடத்தில் சோதனை. போய்ச் சேர்ந்தேன்.

மூங்கிலை அவருடைய மருமகன் சீவி வைத்திருந்தார். நான் சதுரங்களை அடுக்கிக் கட்டத் தொடங்கினேன். ஐந்தாவதோ ஆறாவதோ முடிச்சில் அவர் கேட்டார். "நங்கி, உங்கட ஆக்களுக்கு உண்மையிலேயே ஒண்டும் தெரியாதா?"

அந்தக் கேள்வியை அந்த மாதம் முழுவதும் மற்றவர்களின் கண்ணில் பார்த்திருந்தேன். வாயால் கேட்டவர் அவர் ஒருவர்தான். "முன்னமே போய்ச் சொன்னவங்க இருந்தாங்க அக்கே. கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன். பிறகு நானும் கேட்டேன். "மினுவாங்கொடையில் கொளுத்தினார்களே, உங்கட ஆக்களுக்குத் தெரியாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. நூலை வெட்டி வெட்டித் தந்துகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் இருந்தது. அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. 12 முடிச்சும் போட்டேன். அஸருக்குப் பின்னர் வெள்ளைக் கடதாசி ஒட்டி முடிந்து, காய்ந்ததும், செம்பில் தண்ணீர் வந்தது. நான் கையை நீட்டினேன். அவர் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ நோன்பு. வாயில் தண்ணி எடுக்காதே. நான் ஊதுறேன்."

மூட்டுவலியோடு கதிரையைப் பிடித்து எழும்பி, கூட்டைச் சுற்றி வந்து ஊதினார். மஃரிபுக்கு அவர் வீட்டில் பேரீச்சம்பழம் இருந்தது. வாங்கி வைத்திருந்தார். கூட்டை அவர் வாசலில் அவர் கட்டினார். நான் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

வாப்பா போட்ட கோட்டின் அர்த்தம் எனக்கு அன்றுதான் முழுதாகப் பிடிபட்டது. தொங்கப்போடுவதற்கு ஒரு நிமிடம் போதும், யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. கட்டுவதற்கு ஒரே அறையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். பயந்தவன் வாங்கித் தொங்கவிடலாம். பயத்தோடு உட்கார்ந்து 12 முடிச்சுப் போட முடியாது, கை நடுங்கினால் சதுரம் கோணும்.

வெள்ளவத்தை வீட்டில் இப்போது அதே சட்டகத்தில் ஒரு விளக்குக் கூடு இருக்கிறது. குச்சி 8 அங்குலம், வெள்ளைக் கடதாசி, வால் இல்லை, குஞ்சம் இல்லை. கூடத்தின் மொட்டைப் பல்பு கண்ணைக் குத்துகிறது என்று மகள் சொன்னதால் கட்டினேன். முன்பு 60 வாட் குண்டு பல்புக்குக் கடதாசிக் கூடு போடப் பயம், பக்கத்தில் இருந்தால் கருகிவிடும். 7 வாட் எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு இல்லை, என்றாலும் கடதாசியில் முட்டாமல் நடுவில் தொங்க வேண்டும். 2022இல் மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை போனபோது, சார்ஜ் செய்யும் சிறு லாம்பை அதற்குள் வைத்தோம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும்போது அதை மட்டும் போடுவேன். பேரப்பிள்ளையின் தூக்கம் கலையாது, சோறு போடவும் வெளிச்சம் போதும்.

சூரா அந்நூரின் 35ஆம் வசனத்தில் விளக்கு தனியாகச் சொல்லப்படவில்லை. மாடமும் கண்ணாடியும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்கு மம்லூக் கைவினைஞர்கள் செய்த கண்ணாடி விளக்குகள் பலவற்றில் இந்த வசனமே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தின் ஊடாக வெளிச்சம் வரும்படி செய்திருக்கிறார்கள். அவற்றின் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தினகரனும் தினமிணவும் ஒட்டிய கூடுதான் நினைவுக்கு வரும். வெளிச்சத்தை ஒரு மனிதர் பார்க்கக் கூடியதாக ஆக்குவதற்கு ஒரு கூடு வேண்டும், அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கே இப்போது கட்டிலோடு. சென்ற வெசாக்கிற்கு அவருடைய பேத்தியும் என் பேத்தியும் என்னோடு உட்கார்ந்தார்கள். மூன்று இரவு. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள், முடிச்சை அவசரமாக இழுத்தார்கள். "ஹெமின்" என்றேன். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தபோது இரண்டு சதுரங்கள் கோணியிருந்தன. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னேன்.